போன லாட் ஓகே

"கடைசி வரைக்கும் வந்தாச்சு சார். இனி மெதுவா வெளிய எடுத்துக்கிட்டே பார்க்கிறதுதான் டெஸ்ட்டே" என்றான் டாக்டர் பிரசன்னா, என்னமோ கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி ஊட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்ட டிரைவர் மாதிரி. வாய்க்கு வெளியேதான் நாச்சிமுத்து அவனை டாக்டருங்க என்பார். மனசுக்குள் அவன் இவன்தான். அங்கே யாருக்கும் மரியாதை கிடையாது, இன்றைக்குச் சாமிக்கும் கிடையாது. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பின்பக்கம் ஓட்டை வைத்த நீல டவுசரை மாட்டிக்கொண்டு, ஐம்பத்தோரு வயசு மனுஷன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி மேசையில் கிடக்கிறார். அந்த டவுசரில்கூட இடது காலுக்கு ஒரு லாட் துணி, வலது காலுக்கு வேறு லாட் துணி, எந்தக் குருடன் பாஸ் பண்ணினானோ. மயக்க ஊசி போடுகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். "என்ற வயித்துக்குள்ள நீங்க பார்க்கறத நானும் பார்க்கோணுங்க" என்றதற்கு அந்தப் பையன் சிரித்தான். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க, பாதியில ஊசி கேப்பாங்க." கேட்கவில்லை. முதல் வளைவில் உயிர் தொண்டைக்கு வந்தது, இரண்டாவது வளைவில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஜெசிந்தா சிஸ்டர் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு "மூச்சை விடுங்கய்யா, விடுங்கய்யா" என்றாள், அப்போதும் கேட்கவில்லை. இந்தச் சின்னப் பயலிடம் தோற்கக்கூடாது என்கிற ஒரே வைராக்கியத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துசேர்ந்தாயிற்று. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

பின்பக்கமாக உள்ளே போன கேமராக் குழாய் திரையில் காட்டுவது அவருடைய பெருங்குடல். ஈரமான இளஞ்சிவப்பு, அதில் மெல்லிய சிவப்பு நரம்புகள், மேலே விளக்கு பட்டு மினுக்கும் வழவழப்பு. இந்த நிறத்துக்குத் தேவையான சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது, அந்தப் பழக்கத்தை நிறுத்த முடியாது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தாறு வருஷமாக அவர் ஷேடு மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணி அனுப்புவான். அதே நிறத்தில் எட்டுநூறு கிலோ துணி, அதாவது ஒரு லாட், சாயமேறி வரவேண்டும். வந்ததா இல்லையா என்று சொல்வது நாச்சிமுத்துவின் கண். அதற்கென்று லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி, உள்ளே சாம்பல் பெயின்ட், மேலே நாலு வகை விளக்கு. பகல் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு துண்டுகளில், கடை விளக்கைப் போட்டதும் ஒன்று பச்சைக்கு ஓடும், ஒன்று சிவப்புக்கு ஓடும். ஒரு விளக்கில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் மாஸ்டரே கிடையாது, அவனைக் கொண்டுபோய் மூட்டை தூக்க விடவேண்டும். எத்தனை பையன்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். இப்போது எம்.டி. படித்த ஒரு பையன், அதற்கு மேலும் என்னமோ படித்த பையன், ஒரே வெள்ளை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அவருடைய குடலை வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறான். சுவரில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுகிறான், உறிஞ்சுகிறான், நகர்கிறான். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு, இன்னும் பதினோரு லாட் பாக்கி இருக்கும்போது, கண்ணாடி எதிரே அதே முகத்தை அவர் பார்த்திருக்கிறார்.

சாயம் அடித்துப் பார்க்கிறேன் என்று அவன் சொல்லவில்லை, அதுதான் இருக்கிற எரிச்சலுக்கெல்லாம் மூலம். போன வாரம் அவனுடைய அறையில் நாச்சிமுத்துவே வாய்விட்டுக் கேட்டார். பத்தொன்பது வருஷமாகப் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி வரும் குடலில், சில இடத்தில் தசை குணம் மாறிவிடும். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின படி, இருந்தால் குடலையே எடுக்கவேண்டி வரலாம். கட்டியாக எழும்பி நின்றால் குருடனுக்கும் தெரியும். இது எழும்பாது, தட்டையாக, பக்கத்துத் தசையின் நிறத்திலேயே, வெளுத்தும் போகாத கறை மாதிரி கிடக்கும். முன்னே பார்த்த வேலாயுதம் டாக்டர் காலத்தில் கேமராவே மங்கல். அவர் குருட்டாம்போக்கில் முப்பத்திரண்டு இடத்தில் கிள்ளி எடுப்பார், எங்கேயாவது மாட்டினால் சரி. அப்புறம் ஒரு முறை வந்தது, குடல் சுவர் முழுக்க நீலச் சாயத்தைத் தெளித்துப் பார்ப்பது. சாயம் பள்ளத்தில் தங்கும், மேட்டில் தங்காது, மாறின இடத்தின் ஓரம் தானாக எழுந்து தெரியும். ஆனால் நேரம் பிடிக்கும். இன்னொரு முறை, மிஷினில் ஒரு பட்டனை அமுக்கினால் விளக்கு நீலமும் பச்சையுமாக மாறி ரத்தக்குழாயெல்லாம் காப்பித்தூள் நிறத்தில் தெரியும், சாயமும் வேண்டாம், தெளிக்கவும் வேண்டாம். இத்தனையையும் செல்போனில் படித்துக்கொண்டு போய்த்தான் கேட்டார். "சாயம் அடிச்சுப் பார்ப்பீங்களாங்க?" அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இப்ப கேமரா எல்லாம் ரொம்ப கிளியர் சார். பழைய கேமராவுக்குச் சாயம் நிச்சயமா உதவுச்சு. இந்தக் கேமராவோட வெச்சுப் பார்த்தா எது பெட்டர்னு பெரிய டாக்டர்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. ரிஸ்க் அதிகமா இருந்தா நான் சாயம் அடிப்பேன். கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றான். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி முந்திக்கொண்டாள். "போன வருசந்தானுங்க டாக்டர் பார்த்தாரு. ஒண்ணுமே இல்லீன்னுட்டாங்க. நானு கூட வர்றேன்னேன், வேண்டாம்னுட்டு இவரு ஒருத்தராத்தான் வந்துட்டு வந்தாரு." ரிப்போர்ட் எங்கே என்றான். "வீடு மாத்துனப்ப எங்கியோ போயிருச்சுங்க" என்றதும் அவள்தான். அவன் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "அப்ப நல்ல விஷயம் சார். போன வருஷம் கிளீன்னா இந்தத் தடவை வெள்ளை லைட்டே போதும், சந்தேகம் வந்தா பட்டனை அமுக்கிப் பார்த்துக்கலாம்" என்று எழுதிக்கொண்டான். போன வருஷம் ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை.

நடக்கவில்லை. இதே ஊருக்குத்தான் வந்தார், வேறொரு ஆஸ்பத்திரிக்கு. முதல்நாள் ராத்திரி அந்தக் கருமாந்திரப் பேதி மருந்தை நாலு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, குடலை அலசித் துடைத்து, காலையில் வெறும் வயிற்றோடு காரை ஓட்டிக்கொண்டு வந்து, கேட்டுக்குள் நுழைகிற நேரத்தில் எதிரே ஒருத்தன் வந்தான். நாற்பது வயசு இருக்கும், நல்ல கோடு போட்ட சட்டை. சட்டைக்குள் வயிற்றின் ஒரு பக்கம் பலூன் மாதிரி புடைத்திருந்தது. அவன் அதைக் கையால் லேசாகத் தாங்கிக்கொண்டே நடந்தான். பை. குடலை எடுத்துவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு மலம் சேர வைப்பார்களே, அந்தப் பை. அவன் தாண்டிப் போனபிறகு நாச்சிமுத்து காற்றை மோந்து பார்த்தார், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஒரு வாடையும் இல்லை. இருந்தும் திரும்பிவிட்டார். காரை ஜங்ஷனில் நிறுத்தி, ஏசி வெயிட்டிங் ஹாலுக்குச் சீட்டு வாங்கி, கக்கூஸுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பிடித்து, சாயங்காலம் நாலரை வரைக்கும் ரயில் பெயர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டுக்கு போன் போட்டு, "கிளீன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார். சாந்தாமணி போனிலேயே அழுதாள். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தாள், வேண்டுதலாம். சிதறின சில்லுகளைத் தெருப்பிள்ளைகள் பொறுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் இந்த யோக்கியர்.

அவள்மேல்தான் கோபம் கோபமாக வருகிறது. இப்போதும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கஞ்சியும் கையில் திருநீற்றுப் பொட்டலமுமாக, பக்கத்தில் இருக்கிற முகம் தெரியாத பொம்பளையிடம் அவருடைய ஆசனவாய்ச் சரித்திரத்தை முழுசாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் நம்பாமல் இருந்திருந்தால் என்ன? ரிப்போர்ட்டை எடு என்று சட்டையைப் பிடித்திருந்தால் என்ன? பத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டே இருக்கிறாள், மனுஷனுக்கு மூச்சு முட்டுகிறது. முதல்முதலில் ரத்தம் போனபோது மூலம் என்றான் அவள் அண்ணன்காரன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த மச்சான்தான். ஒன்றரை வருஷம் மூல வைத்தியம். ஆளே காய்ந்த கருவாடாகி, ஒருநாள் பட்டறை லேபில் மயங்கி விழுந்தபிறகுதான் குடல் புண் என்று தெரிந்தது. அன்றையிலிருந்து திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் எந்த பெட்ரோல் பங்க்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எதில் தண்ணீர் வரும், எதற்குச் சாவி வாங்கவேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. கல்யாணப் பந்தியில் கடைசி நாற்காலி, சினிமாவில் ஓரத்து நாற்காலி, துக்க வீட்டில் வாசலோடு சரி. முதலாளி பின்னால் நின்று, "மாஸ்டர் எங்கய்யா? மறுபடியும் உள்ளாறயா?" என்று கேட்டுச் சிரிப்பார். கூட நாலு பேர் சிரிப்பார்கள். அந்த முதலாளி இன்றைக்கும் நெய் ரோஸ்ட் தின்கிறார். குடல்மேல் நாச்சிமுத்துவுக்கு இருக்கிற பகை பங்காளிப் பகை. கூடவே பிறந்து, கூடவே தின்று, இப்போது கொல்லப் பார்க்கிறது. ஆனாலும் அதை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறதே, அதுதான் கேவலம்.

"இங்க கொஞ்சம் லைட் மாத்திப் பார்த்துடறேன்" என்றான் டாக்டர். கைப்பிடியில் டிக் என்று ஒரு பட்டன். திரை முழுக்கப் பாசி பிடித்த கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போலப் பச்சையாகி, நரம்பெல்லாம் காப்பித்தூள் நிறத்தில் படர்ந்தது. குடல் நடுப்பாகத்தில் முக்கோணமாகக் குகை குகையாகப் போனது. அழகாகக்கூட இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. விளக்கை மாற்றுகிறான், பரவாயில்லை, ஒரு விளக்குக்கு இரண்டு விளக்கு. ஆனால் எட்டு விநாடிதான், மறுபடி டிக், மறுபடி வெள்ளை. "இதுவும் நார்மல்." இப்படித்தான் குமரேசன் சொல்வான். லேபில் நாச்சிமுத்துவுக்குக் கீழே ஏழு வருஷம் வேலை பார்த்த பையன், கெட்டிக்காரன். ஒரே சாயம், ஒரே கம்பெனி ஆர்டர், தொடர்ந்து பதினாலு லாட் வந்தது. பதிமூன்று லாட் சரியாக இருந்தால் பதினாலாவதை யார் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? குமரேசன் பார்க்கவில்லை. லாட்டோடு போகிற ஷேடு கார்டில் "போன லாட் ஓகே" என்று எழுதிக் கையெழுத்தை வைத்து அனுப்பிவிட்டான். எல்லாச் சாயப்பட்டறையிலும் எல்லாரும் செய்கிற காரியம்தான், ஆனால் அந்தத் தடவை தண்ணீரில் இரும்பு ஏறியிருந்தது, எட்டுநூறு கிலோ துணியும் வெளிநாட்டுக் கடை விளக்கில் அழுக்குச் சிவப்பாகப் போய்த் திரும்பி வந்தது. எல்லார் முன்னாடியும் நாச்சிமுத்து கேட்டார், "போன லாட் ஓகேன்னா இந்த லாட்டைப் பார்க்கறதுக்கு எதுக்குடா ஒனக்குக் கண்ணு?" அந்தப் பையன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் நாலைந்து தடவை அவிநாசி ரோட்டில் பேக்கரி வாசலில் பார்த்திருக்கிறார், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பிக்கொள்ளட்டுமே. குமரேசனுக்காவது பதிமூன்று லாட் உண்மையாகவே ஓகே ஆகியிருந்தது.

கடிகாரம் ஆறு நிமிஷத்தைத் தாண்டியது. இடப்பக்கக் குடலுக்கு வந்துவிட்டார்கள். இங்கேதான் வியாதி வருஷக்கணக்கில் குடியிருந்தது. மடிப்பெல்லாம் தேய்ந்து குழாய் மாதிரி வழவழவென்று கிடந்தது, அங்கங்கே வெளுத்த தழும்பு. ஊருக்கு நியாயம் சொல்கிறவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பார்கள். ஒரு மடிப்பு வந்தது, கேமரா அதைத் தாண்டிச் சரிந்தது, தாண்டுகிற அந்த நொடியில் மடிப்புக்குப் பின்னால், திரையின் கீழ் மூலையில், ஒரு கட்டைவிரல் நக அகலத்துக்கு ஏதோ ஒன்று. என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேடு இல்லை. புண் இல்லை. ரத்தம் இல்லை. நிறம்கூடப் பக்கத்தில் இருக்கிற அதே நிறம்தான், ஆனால் அதே நிறம் இல்லை. அரை ஷேடுகூட இல்லை, கால் ஷேடு சிவப்புக்கு ஓடியிருந்தது. பத்துப் பேர் பார்த்தால் ஒன்பது பேர் ஒன்றுதான் என்பார்கள், பத்தாவது ஆளாக இருப்பதற்குத்தான் நாச்சிமுத்துவுக்கு இருபத்தாறு வருஷமாகச் சம்பளம். கேமரா போய்விட்டது. டாக்டர் பார்த்தானா? அவன் கண் அந்தப் பக்கமாகப் போனதா? நெஞ்சு படபடவென்று அடித்தது, மிஷின் அதைப் பீப் பீப் என்று ஊருக்கே சொன்னது. "ரிலாக்ஸ் ஐயா, முடிஞ்சுது" என்றாள் சிஸ்டர். பார்க்கவில்லை என்றால் நல்லது. யாரும் பார்க்காதது இல்லாததுதான். இன்னும் நாலு நிமிஷத்தில் குழாய் வெளியே வந்துவிடும், கிளீன் என்பான், சாந்தாமணி மறுபடியும் தேங்காய்க்குச் சொல்லுவாள், இந்தத் தடவை அது பொய்கூட இல்லை, டாக்டரே கையெழுத்துப் போட்ட காகிதம். படித்தவன் சொல்லிவிட்டான், நீ யார்? துணிக்குச் சாயம் போடுகிறவன். பழைய தழும்பாக இருக்கும். தண்ணீர் தேங்கியிருக்கும். விளக்கு சாய்வாகப் பட்டிருக்கும். இதையெல்லாம் குமரேசன் சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார். கோடு போட்ட சட்டை. பலூன். கையால் தாங்கிக்கொண்டு நடந்தானே, பார்த்தால் ஆள் திடமாகத்தான் இருந்தான், நடையில் தள்ளாட்டம் ஒன்றும் இல்லை, மெடிக்கல் ஷாப் பக்கம் திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். அதை ஏன் ஒரு வருஷமாக நினைக்கவே இல்லை? பயமாக இருந்தது. பல்லெல்லாம் கிட்டிக்கொண்டு, மேசையின் ரெக்சின் உறையைப் பிறாண்டுகிற அளவுக்குப் பயமாக இருந்தது. குழாய் இன்னொரு விரற்கடை வெளியே நகர்ந்தது.

"டாக்டருங்க."

"வலிக்குதா சார்?"

"பொறத்தால போங்க. ஒரு ரெண்டு இஞ்ச். அந்த மடிப்புக்குப் பின்னால பாருங்க."

"பார்த்துட்டேன் சார். பழைய தழும்பு. உங்க வியாதிக்கு அந்த மாதிரி நிறைய இருக்கும்."

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் பாஸ் பண்ணியிருக்கிறான். நாச்சிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பார்க்காதவனைக்கூட மன்னித்துவிடலாம். "அதுக்குச் சாயம் அடிச்சுப் பாருங்க" என்றார், குரல் லேபில் வருகிற குரலாக வந்துவிட்டது. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். "சார், நீங்க ஊசி வேண்டாம்னீங்க, சரின்னேன். இப்ப எப்படிப் பார்க்கணும்னும் நீங்களே சொல்றீங்க. தேவைன்னா நானே அடிச்சிருப்பேன். போன வருஷம் கிளீனா இருந்த குடல் இது. வெளிய இன்னும் பதினோரு பேர் வெறும் வயித்தோட உட்கார்ந்திருக்காங்க." அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அவனிடம் கொடுத்த கார்டு அப்படி. முந்தின லாட்டின் கார்டைப் பார்த்து இந்த லாட்டுக்கு விளக்கு எது என்று முடிவு செய்திருக்கிறான், அந்தக் கார்டில் பொய்க் கையெழுத்துப் போட்டது யார்? இவ்வளவு நேரமாகத் திட்டினாயே, யாரைத் திட்டினாய்? சிஸ்டர் இருக்கிறாள். சிஸ்டர் வெளியே போய் ஏதாவது சொல்லுவாள். சாந்தாமணிக்குத் தெரிந்துபோகும். நூற்றியெட்டுத் தேங்காய்.

"போன வருசம் பார்க்கலீங்க" என்றார் நாச்சிமுத்து.

"என்ன?"

"போன வருசம் டெஸ்ட் பண்ணலீங்க. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டனுங்க. அவளுக்குத் தெரியாது. அவ பொய் சொல்லலைங்க, நாந்தான் சொன்னேன்."

டாக்டருடைய கை நின்றுவிட்டது. "அப்ப கடைசியா எப்ப?"

"நாலு வருசம்" என்றார். சொன்ன மாத்திரத்தில் அதிலும் ஒரு வருஷத்தைத் திருடியிருப்பது தெரிந்தது, திருட்டுக் கை சும்மா இருக்குமா. "அஞ்சுங்க. அஞ்சு வருசம்."

அவன் திட்டுவான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தார். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அவன் திட்டவில்லை, மாஸ்க்குக்குள் மூச்சை இழுத்துவிட்டு, "இதை ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா உள்ளயிருந்தே சாயம் அடிச்சுக்கிட்டு வந்திருப்பேன். இப்ப மறுபடியும் கடைசி வரைக்கும் போகணும், முதல்லயிருந்து" என்றான். வார்த்தையை ஒவ்வொன்றாகக் கடித்துத்தான் சொன்னான். "சிஸ்டர், இண்டிகோ கார்மைன் இருக்கா?" ரெண்டு ஆம்பூல் இருக்கிறது என்றாள். "கலந்து எடுத்துட்டு வாங்க. அடுத்த பேஷன்ட்கிட்ட அரை மணி நேரம் ஆகும்னு சொல்லுங்க. இவர் வீட்டம்மாகிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நாச்சிமுத்து நன்றி சொல்லியிருக்கவேண்டும். அவருக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் ஆத்திரம்தான் வந்தது. கடன்பட்ட மாதிரி ஆகிவிட்டதே.

குழாய் இரண்டு இஞ்ச் உள்ளே போய் மடிப்பைச் சாய்த்துப் பிடித்தது. முதலில் இந்த இடம், அப்புறம் மற்றதெல்லாம் என்றான். நீலம் வந்தது. அவுரி நீலத்தின் வம்சம்தான், ஜீன்ஸ் துணிக்கு ஏறுகிற நீலத்துக்குப் பங்காளி, ஆனால் இது எதிலும் ஒட்டாத ஜாதி. துணியில் போட்டால் ஒரு அலசலில் ஓடிவிடும், பட்டறையில் ஒருத்தன் சீந்தமாட்டான். இங்கே அந்த ஒட்டாத குணம்தான் வேலைக்கு ஆகிறது. பள்ளத்தில் தேங்கி நின்று பார்க்கவேண்டியதைக் காட்டிவிட்டுப் போய்விடும். இளஞ்சிவப்புச் சுவரில் நீலம் வழிந்து, பரவி, டாக்டர் மிச்சத்தை உறிஞ்சியதும், நல்ல இடமெல்லாம் பனியன் துணியை லென்ஸில் வைத்துப் பார்க்கிறபோது தெரியும் கண்ணி மாதிரி, சின்னச் சின்ன வட்டமாக, வரிசை தப்பாமல் தெரிந்தது. இத்தனை ஒழுங்காகவா இருக்கிறது இந்தச் சனியன் என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. அப்புறம் மடிப்புக்குப் பின்னால். நடுவில் வெளுத்த தழும்பு, டாக்டர் சொன்னது சரிதான். தழும்பின் வலது ஓரத்தில் கண்ணி கலைந்திருந்தது. வட்டம் வட்டமாக இல்லாமல் நீண்டு, முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஊசி உடைந்த மிஷினில் ஓடின துணி மாதிரி. அதைச் சுற்றி நீலம் ஒரு கோடு கட்டி நின்றது. பென்சிலால் வரைந்தால்கூட அவ்வளவு தெளிவாக வராது.

டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தான். படத்தை நிறுத்தி, எடுத்து, மறுபடி ஓட விட்டான். பட்டனை அமுக்கிப் பச்சையில் பார்த்தான், வெள்ளையில் பார்த்தான், முகத்தில் அந்த மூன்று மணி முகம் இல்லை. "சார், இது என்னன்னு லேப்தான் சொல்லணும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். நீங்களா ஒரு முடிவுக்கு வந்துடாதீங்க" என்றான். குரல் தணிந்திருந்தது. திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். எத்தனை லாட், எத்தனை டன், வெளிநாட்டுக்காரனே தலைகுனிந்து ஒத்துக்கொண்ட கண். அந்தக் கண் இன்றைக்கு ஒருநாள், இந்த ஒரு தடவை மட்டும், தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார். தேங்காய் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை, அதற்கு யோக்கியதை இல்லை. சும்மா வேண்டிக்கொண்டார்.

சிஸ்டர் மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டாள். திரையில் அதன் நுனி எட்டிப் பார்த்தது, குருவி அலகு மாதிரி திறந்தது. டாக்டர் அதைத் தழும்பின் நடுவுக்குக் கொண்டுபோனான். நடு. வெளுத்த இடம். நடுவில் கிள்ளினால் தழும்புதான் வரும், லேப் தழும்பு என்றுதான் எழுதும். பட்டறையில் வெட்டு மேசைக்காரன் செய்கிற வேலை, கரை ஓரத்தில்தான் சாயம் கோளாறு பண்ணும் என்று தெரிந்தே ரோலின் நடுவிலிருந்து சாம்பிள் வெட்டிக் கொடுப்பான். இவன் அப்படிப்பட்டவன் இல்லை, முதலில் நடு, அப்புறம் ஓரம் என்று வரிசையாக எடுக்கிறவனாக இருக்கலாம். இருக்கலாம். அல்லது முதலில் வந்த ரத்தத்தில் ஓரம் மறைந்துபோய், போதும் என்று விட்டுவிடலாம். வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வெளியே சாந்தாமணி பிளாஸ்க் மூடியைத் திறந்து கஞ்சியை ஆற்ற ஆரம்பித்திருப்பாள், எல்லாம் முடிந்ததும் சூடு சரியாக இருக்கவேண்டும் என்று. அலகு தசையைத் தொட்டது.

"அங்க வேண்டாங்க" என்றார் நாச்சிமுத்து. "ஓரத்துல எடுங்க. நடுவுல எடுத்தா பாஸ் ஆயிரும்."